சைரன் போட்ட பென்ஷன்

ஓசூரில் ரகசியம் என்று ஒன்று உயிரோடு இருக்க முடியாமல் போனதற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம். அவரை நாங்கள் சைரன் என்று கூப்பிட்டோம். கம்பெனி பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அதை அவர் உள்பட யாரும் உபயோகிக்கவில்லை. அவருடைய பெண்ணின் கல்யாணப் பத்திரிகை வந்தபோது எங்களில் பாதிப் பேர், "இது யாரு வீட்டுக் கல்யாணம்? நமக்கு எதுக்கு வச்சிருக்காங்க?" என்று குழம்பினோம்.

தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி வண்டிகளுக்கு வேண்டிய தகட்டுச் சாமான்களைச் செய்துகொண்டிருந்தது. தகட்டை அச்சின்மேல் வைத்தால், மேலேயிருந்து யானைக்கால் மாதிரி ஓர் இரும்பு இறங்கி 'டமார்' என்று அடிக்கும். அந்தப் பகுதிக்குப் பிரஸ் ஷாப் என்று பெயர். நான் பக்கத்திலேயே இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். அடிபட்டு வரும் சாமான் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்க்கிற வேலை. கதவைச் சாத்தினாலும் என் மேஜையில் இருக்கும் டீ டம்ளர் 'டமார்' ஒன்றுக்கு ஒரு விரற்கடை நகரும். குடிக்காமல் விட்டால் தானே போய்க் கீழே விழும்.

சைரன் தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து அந்தப் பிரஸ் ஷாப்புக்கு வந்து சேர்ந்தபோது சாதாரணக் குரல் உள்ள வாலிபராகத்தான் இருந்தாராம். வருஷக்கணக்கில் 'டமார்' கேட்டுக் கேட்டு அவருடைய காதுகள் மெள்ள விடைபெற்றுக்கொண்டன. காது போன அளவுக்குக் குரல் வளர்ந்தது. வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், பெங்களூர் பஸ் கண்டக்டரிடம் கன்னடம். மூன்று பாஷையிலும் அவர் ஊருக்கே பேசினார்.

ஒரு நாள் எங்கள் கம்பெனியில் மட்டும் மின்சாரம் போய், சாப்பாட்டு வேளைக்குச் சங்கு ஊதவில்லை. சூபர்வைசர் இவரைப் பார்த்து, "நீயே ஒரு சத்தம் குடுப்பா" என்றார். இவர் வாசலில் போய் நின்று, "சாப்பாஆஆடு!" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். எங்கள் ஆட்கள் கையைக் கழுவப் போனார்கள். பக்கத்துக் கம்பெனி ஆட்களும் போனார்கள். அதற்கு அடுத்த கம்பெனியில் அன்றைக்கு அரை மணி முன்னதாகவே மெஷின்கள் நின்று, அவர்களுடைய மேனேஜர் ஜீப்பில் சண்டைக்கு வந்தார். சைரன் என்ற பெயர் அன்று மாலை ஷிப்டுக்குள் நிலைத்துவிட்டது.

இவ்வளவு சத்தமாகப் பேசுகிறவருக்கு ஒன்றே ஒன்று மட்டும் வாயில் வராது. 'கேட்கவில்லை' என்ற வார்த்தை. யார் என்ன சொன்னாலும் முகத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்து, "கரெக்ட், கரெக்ட்" என்பார். நாவிதர் ஒருவர், "மீசைய எடுத்துரட்டுமா?" என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறார். "கரெக்ட்" என்றார் இவர். மறுநாள் வழவழவென்று வந்து நின்றவரைக் கேட் வாட்ச்மேன் உள்ளே விட மறுத்துவிட்டான். வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் என்ஜினீயர் இவருடைய மெஷினைக் காட்டி, ஏதாவது கோளாறு உண்டா என்று கேட்டார். "கரெக்ட் சார், கரெக்ட்!" நல்ல மெஷினை ஒரு வாரம் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டார்கள். திரும்பப் பூட்டியபோது நான்கு போல்ட் மிச்சம் இருந்தது. கோளாறு அதற்குப் பிறகுதான் வந்தது.

அவருடைய மனைவி அவருக்கு நேர்மாறு. அந்த அம்மாள் பேசினால் பக்கத்தில் இருக்கிற நமக்கே காற்றுதான் வரும். நாம் "என்னம்மா?" என்று குனிவோம். சைரனோ கூடத்தின் மறுகோடியில் நின்று அந்த அம்மாளின் உதட்டைப் பார்த்தே, "தோ வர்றன்! உப்பு தான?" என்பார். அவர் 'கரெக்ட்' என்று சொல்லத் தேவைப்படாத ஒரே ஆள் அந்த அம்மாள்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான், தொண்ணூறுகளின் கடைசியில், கம்பெனியில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. அதற்கு ஏன் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விருப்பம் முழுக்க கம்பெனியுடையது. ஓய்வு மட்டும் எங்களுக்கு. புது மெஷின்கள் வந்தன, அவற்றுக்கு ஆள் அதிகம் வேண்டாம், ஒரு தொகை தருகிறோம், மரியாதையாகப் போய்விடுங்கள் என்றார்கள். பிரஸ் ஷாப்பில் சைரன், இன்ஸ்பெக்‌ஷனில் நான், அக்கவுண்ட்ஸில் பாஷா பாய் என்று பலர் கையெழுத்துப் போட்டோம். பாஷா பாய் கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர். அவருடைய அண்ணன்மார்கள் ஜவுளி வியாபாரம் செய்தார்கள். குடும்பத்தில் முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவர் இவர்தான்.

அந்த நாட்களில் எங்களுக்கு இருந்த வெட்கத்தை இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். நாங்கள் எதையும் திருடவில்லை, குடித்துவிட்டு மெஷினில் விழவில்லை. ஆனாலும், 'அவனை வேலையை விட்டு அனுப்பிட்டாங்களாமே' என்று நாலு பேர் சொல்வார்களே என்று உடம்பெல்லாம் கூசியது. நான் பழையபடி காலையில் குளித்து, கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸோடு கிளம்புவேன். என் மனைவிக்கு விஷயம் தெரியும். அவளே டிபன் கட்டிக் கொடுத்து, தெருமுனை வரை பார்த்துவிட்டு, "யாரும் இல்ல, சீக்கிரம் போங்க" என்பாள். பாகலூர் ரோட்டில் ஒரு டீக்கடை. அங்கே போய் உட்கார்ந்தால் அதே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு, மடியில் டிபன் பாக்ஸோடு பாஷா பாய் உட்கார்ந்திருப்பார். மத்தியானம் அந்த டிபனைத் தின்றுவிட்டு, சாயங்காலம் ஷிப்ட் முடிகிற நேரத்துக்குக் களைத்த முகத்தோடு வீடு திரும்புவோம். சும்மா உட்கார்ந்திருப்பதைப் போலக் களைப்பான வேலை வேறு கிடையாது.

சைரனும் அந்தக் கடைக்கு வருவார். அவர் வந்தவுடன் நாங்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொள்வோம். ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே, "என்னா பாய்! வேல போனப்புறம் மொகம் நல்லா தெளிஞ்சிருக்குதே!" என்பார். கடையில் இருக்கும் எல்லாரும் பாயின் முகம் தெளிந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

எனக்கு முக்கியமான பயம் என் மாமனார். கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருந்தவர். 'மாப்பிள்ளைக்கு ஓசூர் கம்பெனியில நிரந்தர வேல' என்ற ஒரே தகுதியைப் பார்த்துப் பெண் கொடுத்தவர். என் ஜாதகத்தைக்கூட அவர் சரியாகப் பார்க்கவில்லை, என் அடையாள அட்டையைத்தான் பார்த்தார். அவரிடம் நிதானமாக, நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று நானும் என் மனைவியும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தோம்.

ஒரு நாள் வேறு ஒரு வேலையாகக் கிருஷ்ணகிரி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். முன் படியில் சைரன் ஏறினார். நான் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்தேன். அவர் நேராக வந்து செய்தித்தாளை மடக்கிவிட்டு, "தம்பி! நீயா! கம்பெனி நமக்குக் குடுக்கற பணத்துல வரி புடிக்கறானுங்களாமே! தெரியுமா?" என்றார்.

நான் உதட்டில் விரலை வைத்தேன்.

"பல் வலியா?" என்றார்.

"இல்லண்ணே. மெதுவா."

"கரெக்ட், கரெக்ட்! நம்மள வேலய வுட்டு அனுப்பனதும் இல்லாம, குடுக்கற காசுலயும் வரி! இதெல்லாம் நாயமா?"

முன் சீட்டில் இருந்த ஒருவர் திரும்பினார். என் மாமனாரின் மண்டிக்குப் பக்கத்து மண்டிக்காரர். என்னைப் பார்த்து மிகவும் மரியாதையாக ஒரு புன்னகை செய்தார். அடுத்த திருப்பத்தில் பஸ்ஸே பள்ளத்தில் விழுந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

மறுநாள் காலையில் மாமனார் வந்துவிட்டார். நான் டிபன் பாக்ஸோடு வாசற்படியில் இருக்கிறேன்.

"எங்க, கம்பெனிக்கா?" என்றார்.

"ஆமாங்க மாமா."

"இன்னிக்கு லீவு இல்லீங்களா?"

"லீவுதாங்க மாமா."

"எவ்ளோ நாளைக்கு?"

உள்ளேயிருந்து என் மனைவி அழுகிற சத்தம் பதிலாக வந்தது. அவர் காபியைக் குடித்துவிட்டு, "சாப்புட்டுட்டு தூங்குங்க மாப்ள. ரொம்ப எளச்சிட்டீங்க" என்று சொல்லிப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன்.

இந்தச் செய்தியைக் கேட்டதும் பாஷா பாய் நடுங்கிப்போனார். அவருடைய அண்ணன்மார்களுக்கு இன்னும் விஷயம் தெரியாது. அதிலிருந்து டீக்கடையில் சைரன் இருக்கும்போது பாய் குரலை டம்ளருக்குள் விட்டுத்தான் பேசுவார். நாம் மெதுவாகப் பேசினால் அவரும் மெதுவாகப் பேசுவார் என்று ஒரு நம்பிக்கை. பின்னால் நடந்த அத்தனைக்கும் அந்த நம்பிக்கைதான் மூலம்.

வரி விஷயம் உண்மைதான். இந்த மாதிரி ஓய்வுத் தொகைக்குச் சாதாரணமாக வரிவிலக்கு உண்டு. ஆனால் எங்கள் கம்பெனி அதற்காக வாங்க வேண்டிய அனுமதியை வாங்காமல் விட்டிருந்தது. அதனால் வரி உண்டு, தொகையில் ஒரு பங்கை இப்போதைக்கு நிறுத்தி வைத்து, மார்ச் மாதம் கணக்குப் பார்த்துப் பிடிப்போம், அதற்குள் சேமிப்பு ஏதாவது செய்து ரசீது காட்டினால் அதற்குத் தகுந்தபடி குறைப்போம் என்றார்கள். எங்கள் மூவரில் கணக்குத் தெரிந்தவர் பாய். ஒரு நாள் சைரன் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"பாய்! வரிக்கு ஒரு வழி சொல்லு பாய்!"

கடையில் கூட்டம். பாயின் அண்ணன் கடைக்குத் துணி எடுக்க வருகிற ஓர் ஆள் வேறு பெஞ்சில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான். பாய் வேர்த்துப்போய், சைரனின் காதோரம் குனிந்து கிசுகிசுத்தார்: "இன்ஷூரன்ஸ்ல பென்ஷன் திட்டம் ஒண்ணு வந்திருக்குதுண்ணே. அதுல பணம் போட்டா, போட்டதை வருமானத்துல கழிச்சிட்டுத்தான் வரி போடுவாங்க. பத்து போட்டா போதும். அதுக்கு மேல பலன் இல்லை."

பத்து என்றால் பத்தாயிரம். அவ்வளவுக்குத்தான் அப்போது சட்டத்தில் கழிவு உண்டு. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் வரி ஒரு பைசா குறையாது. போட்ட பணத்தை நினைத்தபோது எடுக்கவும் முடியாது. வயது வந்தபிறகு மாதாமாதம் பென்ஷனாகத்தான் வரும்.

சைரன் பாயின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "கரெக்ட் பாய், கரெக்ட்!" என்றார்.

சில நாட்கள் அவரைக் காணவில்லை. பிறகு ஒரு நாள் சலவைச் சட்டையோடு வந்தார். கடைக்காரரிடம், "எல்லாருக்கும் ஒரு டீ போடு, நம்ம கணக்கு!" என்றார். பிறகு பாயின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "பாய் சொன்ன மாதிரியே செஞ்சிட்டன்! மொத்தப் பணத்தையும் பென்ஷன்ல போட்டுட்டன்!" என்று பாகலூர் ரோட்டுக்கே அறிவித்தார்.

பாயின் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது.

"மொத்தமுமா? ஏண்ணே? நான் எங்க அப்பிடிச் சொன்னன்?" பாய் தன்னை மறந்து கத்திவிட்டார். அன்றுதான் அவருக்கும் குரல் உண்டு என்று எனக்குத் தெரிந்தது.

இந்தத் தடவை சைரனுக்குக் கேட்டது. "நீதான பாய் சொன்ன? மொத்தம் போட்டா போதும், அதுக்கு மேல கவலை இல்லைன்னு!"

பாய் பத்து என்றது அவர் காதில் மொத்தம் என்று இறங்கியிருக்கிறது. பலன் இல்லை என்றது கவலை இல்லை என்று ஆகியிருக்கிறது. வைகாசியில் அவர் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தேன்கனிக்கோட்டையில் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. அந்தக் கல்யாணத்தை இந்தப் பணத்தை நம்பித்தான் வைத்திருந்தார். கம்பெனி பிடிக்கப்போகிற வரியும் அநேகமாகக் குறையப்போவதில்லை.

பாய் மெதுவாக, இல்லை, சத்தமாகத்தான், ஒவ்வொன்றாக அவருக்கு விளக்கினார். கடையிலிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். பன் தின்றவனும் கேட்டான். பாயின் அண்ணன்மார்களுக்கு அன்று சாயங்காலமே விஷயம் போய்விட்டது என்பது வேறு கதை. பாய் அதைப் பற்றி நினைக்கக்கூட இல்லை. சைரனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் சிரித்தபடியே இருந்தது. ஆனால், "கரெக்ட்" என்று சொல்ல வாய் வரவில்லை.

அவரோடு ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் இருந்த அவர் வீட்டுக்குப் போனோம். தனியாகப் போக அவருக்குத் தைரியம் இல்லை. அந்த அம்மாள் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அவரிடம் என்னவோ கேட்டாள். எங்களுக்குக் காற்றுதான் வந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டார். தரையைப் பார்த்தால் அவள் உதடு தெரியாது, அவள் கேட்பது அவருக்குக் கேட்காது. அது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

அவள் கீழே உட்கார்ந்து, அவர் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தாள். வேறு வழியில்லாமல் அவர் பார்த்தார்.

"மாசம் பொறந்தா உன் கைல குடுக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லயே!" என்று வெடித்தார். "இத்தன வருசம் ஒண்ணாந்தேதி ஆச்சுன்னா குடுத்தனா இல்லயா? இனிமே என்னாத்த குடுப்பன்? அதான், பென்ஷன்னா மாசாமாசம் வரும்னு போட்டன்! வெறுங்கையோட வூட்ல ஒக்காந்திருக்க வெக்கமா இருக்குது!"

அடுத்த வீட்டில் ரேடியோவை நிறுத்தினார்கள். அந்தத் தெருவில் வேலை போன மற்ற வீடுகளும் இருந்தன. எல்லாருடைய வெட்கத்தையும் அவர் ஒருவரே சேர்த்துக் கத்தியது போல இருந்தது. எனக்குச் சுவரைத் தவிர வேறு எங்கேயும் பார்க்க முடியவில்லை.

அந்த அம்மாள் அழவில்லை. எழுந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கதவைப் பூட்ட சாவியை எடுத்தாள். நாலு பேருமாக அந்த இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குக் கிளம்பினோம்.

அங்கே விசாரித்ததில் ஒரு நல்ல செய்தி கிடைத்தது. வயதுச் சான்று ஏதோ பாக்கி இருந்ததால் விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. பணம் ஆபீசிலேயே தங்கியிருந்தது. விண்ணப்பம் போட்டவர் தகுந்த காரணம் சொன்னால் மேனேஜர் திருப்பித் தரலாம். மேனேஜர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல் பேசுகிற ரகம். ஏஜெண்டையும் கூப்பிட்டார்கள். அந்தப் பையனைக் குற்றம் சொல்ல முடியாது.

"சார், நான் ஒண்ணுக்கு ரெண்டு தடவ சொன்னேன் சார்" என்றான் அவன். "இவ்ளோ போட வேணாம், பத்துக்கு மேல வரிக்குப் பிரயோஜனமில்ல, நடுவுல எடுக்க முடியாதுன்னு எல்லாத்தையும் சொன்னேன். ஒவ்வொண்ணுக்கும் 'கரெக்ட், கரெக்ட்'னாரு. அப்புறம் நான் என்ன சார் பண்றது?"

மேனேஜர் கோப்பைப் பார்த்தபடியே, "விளக்கமாச் சொல்லியிருக்காரு, நீங்களும் ஒத்துக்கிட்டிருக்கீங்க. அப்புறம் எதுக்குத் திருப்பிக் கேக்கறீங்க? காரணம் சொல்லுங்க" என்றார்.

சைரன் அவரைப் பார்த்துச் சிரித்தார். "கரெக்ட் சார்" என்றார்.

பாஷா பாய் கண்ணை மூடிக்கொண்டார். காரணம் எங்களுக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தேன். 'இவருக்குக் காது' என்பது வரை தொண்டைக்கு வந்துவிட்டது. ஆனால் அத்தனை பேர் முன்னால், அவர் ஆயுசு முழுக்க மூடி வைத்ததை நான் எப்படித் திறப்பது? பின்னால் வரிசையில் ஹால் நிறைய ஜனம். ஜவளகிரி, தளி என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். தெரிந்த முகங்களும் இருந்தன.

அந்த அம்மாள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். அவள் உதடு அசைந்தது. எனக்கு வழக்கம்போலக் காற்றுதான் வந்தது. ஆனால் என்ன சொன்னாள் என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினார். அவள் மறுபடியும் சொன்னாள்.

சைரன் கண்ணாடித் தடுப்பில் இருந்த ஓட்டைக்குக் குனிந்தார். வாய்க்குப் பக்கத்தில் கையை வைத்து மறைத்துக்கொண்டார். இதை ஒன்றையாவது மேனேஜருக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொல்லிவிட வேண்டும் என்று அவர் நிஜமாகவே முயற்சி செய்தார். ஆனால் மெதுவாகப் பேசுவது எப்படி என்று அவருக்கு மறந்து போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

"எனக்குக் காது கேக்காது சார்!"

தட்டச்சு மெஷின்கள் நின்றன. மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். சைரனின் காது இரண்டும் சிவந்துவிட்டன. கையை வாயிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றார், தண்டனைக்கு நிற்கிற பிள்ளை மாதிரி. நான் இருந்த இடத்தில் பூமி பிளந்தால் முதல் ஆளாக இறங்கியிருப்பேன்.

அப்போது வரிசையில் இருந்த ஜவளகிரிப் பெரியவர் ஒருவர், தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "எனக்கு காது நல்லா கேக்குது சாமி. ஆனா அந்தத் தம்பி சொன்னது எனக்கும் ஒண்ணும் புரியல. நானும் தலய ஆட்டிப்புட்டன். என்னுதயும் கொஞ்சம் பாருங்க" என்றார்.

"எனக்குந்தாங்க" என்றாள் அவருக்குப் பின்னால் நின்ற ஓர் அம்மாள்.

"அப்ப எனக்கும்" என்றார் இன்னொருவர். அவர் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை போட்டு, பையில் இரண்டு பேனா செருகியிருந்தார்.

ஏஜெண்ட் பையன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். மேனேஜர் முதல்தடவையாகக் கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். கொஞ்ச நேரம் சைரனைப் பார்த்தார். பிறகு தடுப்புக்குப் பின்னாலிருந்து எழுந்து வெளியே வந்தார். ஒரு நாற்காலியை இழுத்து சைரனுக்கு எதிரே போட்டு, முழங்கால் முட்டுகிற மாதிரி உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்: "பத்து மட்டும் வச்சிக்கலாமா? பாக்கிய திருப்பித் தரட்டுமா?"

சைரன் மேனேஜரின் உதட்டைப் பார்த்தார். மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். "ஆமாங்க சார். பாக்கிய குடுத்துருங்க" என்றார். நான் பார்த்து, வெளி ஆள் ஒருவர் கேட்ட கேள்விக்கு அவர் 'கரெக்ட்' சொல்லாமல் பதில் சொன்னது அன்றுதான்.

பணம் வந்தது. பத்து மட்டும் பென்ஷனில் தங்கியது. மார்ச்சில் வரி கொஞ்சம் குறைந்தது. மீதி வரியைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி வைத்த பங்கைக் கம்பெனி கொடுத்தது. வைகாசியில் கல்யாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் மைக் செட்டுக்குப் பணம் கொடுத்து ஏமாந்தார்கள் என்று பாய் சொன்னார்.

அதன் பிறகு சில மாதம் சைரன் எங்கள் கண்ணில் படவில்லை. டீக்கடைக்கும் வரவில்லை. காது விஷயம் ஊர் பூராவும் தெரிந்துவிட்டதே என்ற கூச்சம் என்று நினைத்துக்கொண்டோம். எனக்கு அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம், கர்நாடக எல்லைக்குள், ஒரு சின்னப் பட்டறையில் வேலை கிடைத்தது. சம்பளம் பழையதில் பாதி. முதல் நாள் காலையில் ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைகிறேன். "பெங்களூரு, பெங்களூரு, பெங்களூரு! பன்னி ஸ்வாமி, சீட்டு இதே!" என்று கன்னடத்தில், அதாவது வாருங்கள் சாமி, இடம் இருக்கிறது என்று, ஒரு குரல் கேட்டது. தொடர்ந்து, "கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம்!" என்று தமிழில். தகரக் கூரை அதிர்ந்தது. திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

பிரைவேட் பஸ்காரர்கள் ஆள் கூப்பிட அவரை வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சட்டென்று ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பிரஸ் ஷாப்பில் மெஷின் ஓட்டியவர் பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடுகிறார் என்று நான் நினைப்பேனாம். நானும் புது வேலைக்குப் போகிற என் மட்டமான டிபன் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பஸ்ஸுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒளிந்துகொண்டு நின்றோம். பஸ் கிளம்பிப் போய்விட்டது. மறைப்பு இல்லாமல் எதிரெதிரே நின்றோம்.

நான்தான் அவர் முன்னால் போய், முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்து, நன்றாகக் கேட்கிற மாதிரி சொன்னேன்: "அண்ணே, அத்திப்பள்ளிக்கு எந்த வண்டி?"

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு வந்துவிட்டது.

அதிலிருந்து தினமும் இதே கதைதான். நான் பஸ் ஸ்டாண்டு வாசலில் கால் வைக்கிறபோதே, "நிறுத்துப்பா! நம்ம தம்பி வர்றாரு! அத்திப்பள்ளி தம்பி! ஜன்னல் சீட்டு உடுங்க! தம்பி, இன்னிக்கு எதுக்கு லேட்டு? வூட்ல சண்டயா?" வண்டிக்குள் இருக்கிற அத்தனை பேரும் எனக்கு வீட்டில் சண்டையா என்று பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்தபடி, காது மடல் எரிய, அவர் துண்டு போட்டுப் பிடித்து வைத்திருக்கும் சீட்டில் போய் உட்காருவேன். கண்டக்டர்கள்கூட என்னைச் 'சைரன் தம்பி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எத்தனையோ தடவை பாயிடம், "இந்த மனுசனால தெனம் மானம் போவுது பாய். நான் வேற வழியாப் போகப்போறன்" என்று புலம்பியிருக்கிறேன்.

ஒரு தடவை அவர் பெண்ணுக்குப் பிரசவம் என்று ஒரு வாரம் வரவில்லை. அவர் இடத்தில் ஒரு பையன் நின்று, சாதாரணக் குரலில் ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி எனக்காக நிற்கவுமில்லை. ஒரு நாள்கூட மானம் போகாமல் அந்த வாரம் முழுக்க வேலைக்குப் போய் வந்தேன்.

திங்கட்கிழமை அவர் வந்துவிட்டார் என்று தெருவிலேயே கேட்டது. நான் வேகமாக நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வண்டி நின்றுகொண்டிருந்தது, இடமும் இருந்தது. இருந்தாலும் ஏறவில்லை. பழக்கடைப் பக்கம் போய், அவர் கண்ணில் படுகிற மாதிரி தூரத்தில் நின்றுகொண்டேன், கூப்பிடட்டும் என்று.